மொழி தெரியாதவர்களையும் சிரிக்க வைத்த டேனி கே

எழுபதுகளில் நான் டெல்லியில் மத்திய அரசுப் பணியில் இருந்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த என் தாயாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு அழைத்துச் சென்றேன். படம் 'தி கோர்ட் ஜெஸ்டர்'. அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. பாதியில் கிளம்பச் சொல்வாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒருவர் விரலைச் சொடுக்கியதும் கதாநாயகன் மகா வாள்வீரனாவதும், மறு சொடுக்கில் பழையபடி பயந்தாங்கொள்ளியாவதுமான கட்டத்தில், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மின்னல் தாக்கிய இரும்புக் கவசம் காந்தமாகும் காட்சியும் அதில் உண்டு. (பௌதிகம் படித்தவன் என்பதால் சொல்கிறேன்: மின்னலால் இரும்பு காந்தமாவது உண்மைதான், அத்தனை பலமாகவா என்பது வேறு விஷயம்.)

அந்தக் கதாநாயகன் டேனி கே, 1911 ஜனவரி 18 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். இயற்பெயர் டேவிட் டேனியல் காமின்ஸ்கி. பெற்றோர் உக்ரைனிலிருந்து குடியேறிய யூதர்கள், தகப்பனார் தையல்காரர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. ஒரு பல் மருத்துவரிடம் இருந்தபோது, பல்லைத் துளைக்கும் கருவியால் மரச்சாமானில் துளை போட்டு வேலையை இழந்தாராம். பின்னாளில், 1940-ல், அந்த டாக்டரின் மகள் சில்வியா ஃபைனையே மணந்தார்! அவருக்கென்றே பாட்டுகள் எழுதிக் கொடுத்தவர் அந்த அம்மையார்.

அவர் கலையை உண்மையில் வளர்த்தது 1934-ஆம் ஆண்டின் ஆசியச் சுற்றுப்பயணம். ஒரு நாடகக் குழுவோடு ஜப்பான் சென்றார். பார்க்க வந்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. வசனம் பலிக்காது என்றானதும், முகபாவம், கைச்சைகை, அர்த்தமில்லாத ஒலிக்கோவை ஆகியவற்றாலேயே சிரிக்க வைக்கப் பழகினார். ஒசாகாவில் புயலால் மின்சாரம் போன இரவில், டார்ச் விளக்கைத் தன் முகத்தில் அடித்துக்கொண்டு பாடிப் பாடியே சபையைக் கலவரப்படாமல் வைத்திருந்தார்.

பிறகு புகழ் வந்தது. 1941-ல் பிராட்வே மேடையில் சுமார் 50 ரஷ்ய இசையமைப்பாளர்களின் பெயர்களை 40 விநாடிக்குள் பாடிக் காட்டினார். தொடர்ந்து ஹாலிவுட். 'தி கோர்ட் ஜெஸ்டர்' அன்றைய நகைச்சுவைப் படங்களிலேயே அதிகச் செலவில் எடுக்கப்பட்டது; 1956-ல் அமெரிக்காவில் வெளியானபோது போட்ட பணம்கூடத் திரும்பவில்லை.

நான் அவரைப் பெரிதாக மதிப்பது வேறொரு காரணத்துக்காக. 1954-ல் யுனிசெஃப் நிறுவனத்தின் முதல் நல்லெண்ணத் தூதராகி, இந்தியா, பர்மா, தாய்லாந்து, ஜப்பான் என்று சுற்றினார். ஜப்பானில் பழகிய வித்தையைக் கொண்டே, மொழி தெரியாத குழந்தைகளை இருபது வருஷம் கழித்துச் சிரிக்க வைத்தார். அந்தப் பயணம் 'அசைன்மென்ட் சில்ட்ரன்' என்ற படமாக வந்தது. அப்போது நம் நாட்டில் யுனிசெஃப் உதவியோடு பி.சி.ஜி. ஊசி போடும் இயக்கம் நடந்துகொண்டிருந்தது. சென்னை கிண்டியில் 1948-ல் அதற்கென ஆய்வுக்கூடமே தொடங்கியிருந்தார்கள். என் தோளில் உள்ள தழும்பும் அந்தக் காலத்தியதே.

விமானம் ஓட்டக் கற்றவர். 1975-ல் யுனிசெஃபுக்காக ஐந்தே நாட்களில் 65 நகரங்களுக்குப் பறந்தார். 1983-ல் இருதய அறுவை சிகிச்சையின்போது ஏற்றிய ரத்தத்தின் வழியாக ஹெபடைடிஸ் சி தொற்றியது. அந்தக் கிருமியே 1989-ல்தான் கண்டறியப்பட்டது. அதற்கு முன் ரத்தத்தைச் சோதிக்க வழியில்லை. 1987 மார்ச் 3 அன்று, 76-ஆம் வயதில் காலமானார். நியூயார்க் அருகே அவர் கல்லறையில் ஒரு கல் பெஞ்சு இருக்கிறது. அதில் விமானம், பியானோ, பேஸ்பால் மட்டை, சமையல்காரர் தொப்பி எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள்.