சித்திரகாரப்புலி

பல்லவ வேந்தன் சிம்மவிஷ்ணுவின் மைந்தன் முதலாம் மகேந்திரவர்மன். கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட அவன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் படையெடுப்பால் பெரிதும் இடருற்றான். போர்க்களத்தில் பெரும்புகழ் எய்தாத அம்மன்னனை நாடு இன்றும் நினைப்பது கலையால்தான். மத்தவிலாசப் பிரகசனம் என்னும் வடமொழி நகைச்சுவை நாடகம் அவன் இயற்றியது. விசித்திரசித்தன், குணபரன் முதலிய அவனுடைய பட்டப்பெயர்களுள் ஒன்று சித்திரகாரப்புலி. ஓவியருள் புலி போன்றவன் என்பது அதன் பொருள்.

அவனுடைய கலையுள்ளத்தை அறிய மண்டகப்பட்டுக்குச் செல்லுதல் வேண்டும். விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள இவ்வூர், கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சார்ந்தது. அங்குள்ள பாறையைக் குடைந்து நான்முகன், சிவன், திருமால் ஆகிய மூவர்க்கும் மகேந்திரவர்மன் கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகிய நான்கும் இன்றி அதனை உருவாக்கியதாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அக்காலக் கோயில்கள் பெரும்பாலும் அப்பொருள்களாலேயே எழுந்தவை. பிறர் இன்றியமையாதன என்று கருதியவற்றை விலக்கிவிட்டு, எஞ்சிய ஒரே பொருளாகிய கல்லைக்கொண்டு அவன் புதுவழி கண்டான். மூன்று கருவறைகளிலும் இன்று திருவுருவங்கள் இல்லை. அவை வண்ணத்தாலோ சுதையாலோ அமைக்கப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

இச்சிக்கனம் அக்காலத் தென்னாட்டுச் சுவரோவியத்துக்கும் உரியது. ஓவியர்கள் சுவரின்மேல் சுண்ணச்சாந்து பூசி, அதன்மீது சில நிறங்களையே தீட்டினர். வெண்மைக்குச் சுண்ணம், கருமைக்குக் கரி, செம்மைக்கும் மஞ்சளுக்கும் காவி மண், பசுமைக்குப் பச்சை மண். சுண்ணத்தின் காரத்தில் தாவரச் சாயங்கள் பல மங்கிவிடும். மண்ணிலிருந்து பெற்ற நிறங்கள் நிலைத்து நிற்கும். ஆதலின் சிலவே போதும் என்பது பட்டறிவால் விளைந்த முடிவு. செம்மையோடு கருமை சேரப் பழுப்பும், மஞ்சளோடு வெண்மை சேர இளமஞ்சளும் பிறந்தன. இக்காலத்தில் ஒரு குடத்தையும் இரண்டு கனிகளையும் முன்வைத்து, மூன்று அக்ரிலிக் வண்ணங்களாலும் வெள்ளையாலும் வரையப் பயிலும் மாணவர் கற்பதும் இந்நுட்பமே. நிறம் குறையக் குறைய ஒளியையும் நிழலையும் கூர்ந்து நோக்கும் கண் வளர்கிறது.

கலையில் இத்தகைய அடக்கம் கண்ட வேந்தனைப் பற்றிக் கடலூர்ப் பகுதி வேறொரு செய்தியையும் சொல்கிறது. இன்றைய கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூரில் அந்நாளில் புகழ்பெற்ற சமணப் பள்ளி விளங்கியது. அங்குத் தருமசேனராக இருந்த நாவுக்கரசர் சைவம் திரும்பியபோது, பல்லவ மன்னன் அவரைக் கல்லொடு பிணித்துக் கடலில் எறிவித்தான் என்றும், அவர் கரையேறியபின் தானும் சைவம் சார்ந்து சமணப் பள்ளியை இடித்து, அக்கற்களால் திருவதிகையில் கோயில் எடுத்தான் என்றும் பெரியபுராணம் கூறும். அம்மன்னன் மகேந்திரவர்மனே என்பது வரலாற்றறிஞர் பலரின் துணிபு. ஓவியன் ஒரு நிறத்தை ஒதுக்கினால் அந்நிறம் உலகில் அழிவதில்லை; அரசன் ஒரு பள்ளியை இடித்தால் அங்கு வளர்ந்த கல்வியும் சிதைகிறது. விலக்குதலுக்கும் அழித்தலுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை எண்ணாமல் அவன் வாழ்வை அளவிடுதல் இயலாது.

காலம் அவனுடைய படைப்புகளையும் விட்டுவைக்கவில்லை. தட்சிணசித்திரம் என்னும் ஓவிய நூலுக்கு அவன் உரை கண்டதாக மாமண்டூர்க் கல்வெட்டைக்கொண்டு அறிஞர் கருதுகின்றனர். அவ்வுரை இன்று கிடைக்கவில்லை. எனினும் மரபு தொடர்ந்தது. அவன் வழித்தோன்றலாகிய இராசசிம்மன் எடுத்த பனைமலைக் கோயிலில், குடையின்கீழ் ஒரு காலை மடித்து ஒயிலாக நிற்கும் தேவியின் ஓவியம் சிதைந்தும் எழில் குன்றாமல் உள்ளது. நாவுக்கரசர் சென்று வழிபட்ட தில்லையில், சிவகாமியம்மன் கோயில் விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்கள் காணப்படுகின்றன. அரசுகள் மாறியும் சுவரும் சுண்ணமும் காவியும் ஓவியர் கைவிட்டு அகலவில்லை. ஓவியருள் புலி எனப் பெயர் பூண்ட மன்னனின் தூரிகை வரைந்தது எதுவென இன்று எவரும் சுட்ட இயலாது. நான்கு பொருள்களை விலக்கி அவன் குடைந்த கல் மட்டும் 1400 ஆண்டுகளாக மண்டகப்பட்டில் நிற்கிறது.