ஆட்டுப்பட்டியில் தொடங்கி குன்னூர் வரை வந்த ஊசி: யார் இந்த லூயி பாஸ்டர்?

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் இருந்து அடிக்கடி வரும் செய்தி இது. ராத்திரியில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறிவிட்டன. காலையில் விவசாயி செத்த ஆடுகளை எண்ணுகிறார், இழப்பீடு கேட்கிறார்.

சரி, கடிபட்டும் பிழைத்த ஆடுகள்? அந்தக் காயத்தை வெறும் கையால் கழுவி மஞ்சள் அப்பியவர்? இதை யாரும் பெரிசா கேட்பதில்லை. கடித்தது வெறிநாயாக இருந்தால், அந்த நோய் நாயோடு நிற்காது. ஆடு, மாடு, மனிதர் என எல்லோருக்கும் வரும்.

பட்டிக்குள் வரும் நோய் வீட்டுக்குள்ளும் வரும். பட்டியில் அதைத் தடுத்தால் வீட்டிலும் தடுக்கலாம். இதைச் சோதனை மூலம் உலகுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் லூயி பாஸ்டர். பால் பாக்கெட்டில் இருக்கும் பாஸ்சுரைஸ்டு என்ற வார்த்தை இவர் பெயரில் இருந்து வந்ததுதான். ஆனால் இவர் டாக்டரும் இல்லை, கால்நடை மருத்துவரும் இல்லை. பிறகு எப்படி? வாங்க பார்க்கலாம்.

தோல் பதனிடுபவரின் மகன்

1822 டிசம்பர் 27-ல் பிரான்ஸின் டோல் என்ற சிற்றூரில் பிறந்தார் பாஸ்டர். அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில். நம்ம ஈரோடு, ராணிப்பேட்டை, திண்டுக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த வாசம் தெரியும்.

வளர்ந்தது ஆர்புவா என்ற ஊரில். அவருக்கு 8 வயது இருக்கும்போது வெறிபிடித்த ஓநாய் ஒன்று அந்த வட்டாரத்தில் பலரைக் கடித்தது. அப்போது இருந்த ஒரே வைத்தியம், கொல்லன் பட்டறையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, கடிபட்ட இடத்தில் சூடு போடுவதுதான். அப்படியும் பலர் இறந்தார்கள்.

பாஸ்டர் படித்தது வேதியியல். பால் ஏன் புளிக்கிறது, ஒயின் ஏன் கெடுகிறது என்று ஆராய்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் காரணம் என்று நிரூபித்தார். அடுத்த கேள்வி தானாக வந்தது. ஒயினைக் கெடுப்பது நுண்ணுயிர் என்றால், உடம்பைக் கெடுப்பதும் அதுவாக இருக்கலாம் அல்லவா?

இந்தக் கேள்வி அவருக்கு வெறும் ஆராய்ச்சி கிடையாது. அவருக்கு 5 குழந்தைகள். அதில் 3 பெண் குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்தார்கள். 9 வயது ஜான், 12 வயது செசில் ரெண்டு பேரையும் கொண்டுபோனது டைபாய்டு. 1868-ல், 45 வயதில், அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சரியாக இயங்காமல் போனது. பெரிய கண்டுபிடிப்புகள் பல அதற்குப் பிறகு வந்தவைதான்.

பட்டுப்புழுவும் கோழியும்

1865-ல் பிரான்ஸின் பட்டுத் தொழில் கிட்டத்தட்ட அழியும் நிலை. புழுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பாஸ்டர் சில ஆண்டுகள் புழு வளர்ப்பவர்களோடு இருந்து ஒரு வழி சொன்னார். முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை அரைத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். நோய்க்கிருமி இருந்தால் அந்த முட்டைகளை அழித்துவிடுங்கள். அவ்ளோதான். உடுமலை, கோபி பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு முட்டைத்தொகுதி கொடுக்கும் முன் இன்றும் நடப்பது இதே தாய்ப்பூச்சிப் பரிசோதனைதான். அந்த நோயின் பெயர் பெப்ரின்.

அடுத்தது கோழி. கோழி காலரா கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, நாள்பட வைத்துப் பழசாக்கினார்கள். அதை ஊசியில் ஏற்றியபோது கோழிகள் சுணங்கின, ஆனால் சாகவில்லை. அதே கோழிகளுக்குப் பிறகு வீரியமான கிருமியைக் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை. கிருமியைப் பலவீனமாக்கினால் அதுவே காவலாக மாறும் என்பது 1880-ல் தெளிவானது.

இதற்கு முன் 1796-ல் இங்கிலாந்தின் எட்வர்ட் ஜென்னர், மாட்டம்மைக் கிருமியை வைத்துப் பெரியம்மையைத் தடுத்திருந்தார். லத்தீனில் மாட்டுக்கு வாக்கா என்று பெயர். வாக்சின் என்ற சொல் அங்கிருந்துதான் வந்தது. எல்லாத் தடுப்பூசிக்கும் அந்தப் பெயரையே வைக்கலாம் என்று ஜென்னரைக் கௌரவித்துச் சொன்னவர் பாஸ்டர்.

சாபம் பிடித்த மேய்ச்சல் காடுகள்

இப்போது முக்கியமான கட்டம். பிரான்ஸில் சில மேய்ச்சல் நிலங்களுக்குச் சாபம் பிடித்த நிலம் என்றே பெயர். அங்கே மேயும் ஆடுகள் காலையில் நன்றாக இருக்கும், சாயங்காலம் செத்துக் கிடக்கும். செத்த உடம்பின் வாய், மூக்கில் இருந்து உறையாத கருப்பு ரத்தம் வரும். நம்ம ஊரில் அடைப்பான் என்று சொல்லும் ஆந்த்ராக்ஸ் நோய் இது.

இதன் கிருமி மண்ணில் விதை போலச் சுருண்டு பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும் என்பதை 1876-ல் ஜெர்மனியின் ராபர்ட் கோக் காட்டியிருந்தார். ஆனால் ஆழத்தில் புதைத்த ஆட்டின் கிருமி மேலே எப்படி வருகிறது? புதைத்த இடத்து மண்ணில் மண்புழுக் கழிவு குவிந்திருப்பதைக் கவனித்தார் பாஸ்டர். அந்தக் கழிவில் கிருமி இருந்தது. மண்புழுவும் அதை மேலே கொண்டு வருகிறது என்று சொன்னார்.

இந்த நோய் மேய்ப்பவரையும் விடாது. செத்த ஆட்டை உரிப்பவர், தோல், கம்பளி வேலை செய்பவர்களுக்குத் தோலில் கருப்புப் புண் வரும். மூச்சு வழியாக நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

ஊரே கூடிப் பார்த்த சோதனை

1881-ல் ஆந்த்ராக்ஸுக்குத் தடுப்பூசி தயார் என்றார் பாஸ்டர். ரோசினோல் என்ற கால்நடை மருத்துவருக்கு நம்பிக்கை இல்லை. என் பண்ணைக்கு வந்து எல்லோர் முன்னாலும் செய்து காட்டுங்கள் என்று சவால் விட்டார். இடம், பாரிஸுக்குத் தெற்கே புயி லெ ஃபோர்.

24 செம்மறி ஆடு, ஒரு வெள்ளாடு, சில மாடுகளுக்கு மே 5 மற்றும் 17-ல் தடுப்பூசி. இன்னொரு 24 செம்மறிக்கும் ஒரு வெள்ளாட்டுக்கும் ஊசி இல்லை. மே 31-ல் எல்லாவற்றுக்கும் கொல்லும் அளவுக்குக் கிருமி ஏற்றப்பட்டது. ஜூன் 2-ல் விவசாயிகள், பத்திரிகையாளர்கள் எனக் கூட்டம் கூடியது. ஊசி போடாத ஆடுகள் அன்று முடிவதற்குள் எல்லாமே செத்துவிட்டன. ஊசி போட்டவை மேய்ந்துகொண்டிருந்தன. சினையாக இருந்த ஒரு ஆடு மட்டும் பிறகு இறந்தது.

இங்கதான் ஒரு ட்விஸ்ட். கிருமியைக் காற்றுபட வைத்துப் பலவீனமாக்கும் தன் முறையில்தான் அந்த ஊசி தயாரானது என்று எல்லோரும் நினைக்கும்படி பாஸ்டர் விட்டுவிட்டார். உண்மையில் போடப்பட்டது, அவரது உதவியாளர் சேம்பர்லாந்து ரசாயனம் சேர்த்துத் தயாரித்த ஊசி. துலூஸ் நகரக் கால்நடை மருத்துவர் துசான் அதற்கு முன்பே ரசாயனம் சேர்க்கும் வழியை முயன்றிருந்தார். அவருக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை. பாஸ்டரின் ஆய்வகக் குறிப்பேடுகளைப் படித்து, 1995-ல் ஜெரால்ட் கைசன் என்ற வரலாற்று ஆய்வாளர் இதை விரிவாக எழுதினார். ஊசி வேலை செய்தது உண்மை. அதன் கதையை பாஸ்டர் முழுசாகச் சொல்லவில்லை என்பதும் உண்மை.

மூன்று குழந்தைகள், மூன்று கணக்கு

அடுத்து சிறுவயதில் பார்த்த அந்த வெறிநோய். நோய் தாக்கிய முயலின் தண்டுவடத்தை உலர வைத்து, கிருமியைப் பலவீனமாக்கி ஊசி தயாரித்தார்கள். நாயில் சோதனை நடந்துகொண்டிருந்தது. மனிதருக்கு எப்போது என்று முடிவாகவில்லை.

1885 ஜூலை 6. அல்சாஸில் இருந்து 9 வயது ஜோசப் மெய்ஸ்டரை அவன் அம்மா கூட்டி வந்தார். நாய் கடித்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. பாஸ்டர் டாக்டர் இல்லை என்பதால் கிரான்ஷே என்ற மருத்துவர் ஊசி போட்டார். மொத்தம் 13 ஊசி. பையன் பிழைத்தான்.

அக்டோபரில் வந்தது 15 வயது ஜுப்பீல். ஆடு மேய்க்கும் பையன். சின்னப் பையன்கள் மேல் பாய்ந்த வெறிநாயை மறித்துப் பிடித்துக் கடிபட்டவன். 6 நாள் கழித்து வந்தாலும் அவனும் பிழைத்தான். நாயோடு அவன் போராடும் சிலை இன்றும் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருக்கிறது.

நவம்பரில் 10 வயது லூயிஸ் பெலத்தியே. கடிபட்டு 37 நாள் ஆகிவிட்டது. காலம் கடந்துவிட்டது என்று பாஸ்டருக்குத் தெரியும். தோற்றால் ஊசியின் பெயரே கெடும் என்றும் தெரியும். பெற்றோர் கெஞ்சியபோது மறுக்க முடியவில்லை. டிசம்பரில் அந்தக் குழந்தை இறந்தது.

2 நாள், 6 நாள், 37 நாள். கணக்கு இவ்வளவுதான். மூளையைக் கிருமி எட்டும் முன் உடம்பு தயாராக வேண்டும்.

1888-ல் பாரிஸில் பாஸ்டர் நிறுவனம் திறந்தது. 1895 செப்டம்பர் 28-ல் பாஸ்டர் இறந்தார். அந்த நாள்தான் இப்போது உலக ரேபிஸ் தினம்.

குன்னூருக்கு எப்படி வந்தது?

இந்தியாவில் முதல் பாஸ்டர் நிறுவனம் 1900-ல் இமயமலை அடிவாரப் பக்கம் கசௌலியில் வந்தது. தெற்கே இருப்பவர் கடிபட்டால் அங்கே போய்ச் சேர்வதற்குள் நாட்கள் ஓடிவிடும். 1902-ல் ஒரு ஆங்கிலேய இளம்பெண் வெறிநாய்க்கடியால் இறந்த பிறகு, தெற்கிலும் ஒன்று வேண்டும் என்ற குரல் வலுத்தது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நன்கொடையில் இருந்து, 1907-ல் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. மேட்டுப்பாளையத்தில் இருந்து மலை ரயில் ஏற்கெனவே குன்னூர் வரை ஓடிக்கொண்டிருந்தது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று உங்க வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது ஆட்டு மூளையில் இருந்து தயாரித்த ஊசி. சிலருக்கு நரம்புப் பாதிப்பும் வந்தது. இந்தியாவில் 2004-ன் இறுதியில் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. இப்போது கையில் போடும் நவீன ஊசிதான்.

அடைப்பானும் போய்விடவில்லை. 2021 ஜூலையில் கோவை ஆனைகட்டி அருகே இறந்த காட்டு யானைக்கு ஆந்த்ராக்ஸ் உறுதியானது. ராணிப்பேட்டையில் உள்ள அரசு நிறுவனம் அடைப்பான் தடுப்பூசி தயாரிக்கிறது.

பட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க

நாய் கடித்தால் உடனே சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போடுங்கள். எல்லாத் தவணையையும் முடியுங்கள்.

ஆடு, மாட்டை நாய் கடித்தால் அவற்றுக்கும் ஊசி உண்டு. கால்நடை மருத்துவரைப் பாருங்கள். காயத்தைக் கழுவும்போது கையுறை போடுங்கள்.

மாடு எச்சில் ஒழுக்கிக்கொண்டு, விழுங்க முடியாமல், குரல் மாறிக் கத்தினால், தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். அது வெறிநோயாகவும் இருக்கலாம். அந்த எச்சில் கையில் உள்ள சின்னக் கீறலில் பட்டாலே ஆபத்து.

திடீரெனச் செத்து, மூக்கு, வாய், ஆசனவாயில் ரத்தம் வந்த ஆட்டை, மாட்டை அறுக்கக் கூடாது, உரிக்கக் கூடாது, கறியாக்கக் கூடாது. கால்நடை மருத்துவருக்குத் தகவல் கொடுத்து, அவர் சொல்லும் முறையில் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். உரித்தால் காற்று பட்டுக் கிருமி விதையாக மாறி மண்ணில் தங்கிவிடும்.

ஒரு ஆட்டின் விலை பெரிசுதான். ஆனால் அதைக் கறியாக்கி மிச்சம் பிடிக்கப் போய், உங்க காட்டையே சாபம் பிடித்த காடாக மாற்றிவிடாதீர்கள்.