பிளாஸ்மாவுக்குக் கணக்கு வகுத்த மேகநாத் சாகா

புதுதில்லி: குடியரசுத் தலைவர் மாளிகை வளாகத்தில் இருந்த திட்டக்குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில், 1956 பிப்ரவரி 16-ம் தேதி மாரடைப்பால் காலமானார் மக்களவை உறுப்பினர் மேகநாத் சாகா. அப்போது அவருக்கு வயது 62. அணுக்கரு இணைவு ஆய்வுக்கூடங்கள் இன்று கட்டுப்படுத்தப் போராடும் பிளாஸ்மாவைப் புரிந்துகொள்ள முதல் கணக்கை வகுத்த இயற்பியல் அறிஞர் அவர்.

டாக்கா அருகே ஷியோராதலி கிராமத்தில் 1893 அக்டோபர் 6-ம் தேதி பிறந்தார். தந்தைக்குச் சிறிய மளிகைக் கடை. எட்டுக் குழந்தைகளில் ஐந்தாமவரான சாகா, தொடக்கக் கல்விக்குப் பின் வெளியூர் மருத்துவர் ஒருவர் அளித்த உணவையும் இருப்பிடத்தையும் கொண்டே படித்தார். டாக்காவில் படித்தபோது, வங்கப் பிரிவினையை எதிர்த்த போராட்டத்தில் பங்கேற்றதால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையும் பறிபோனது. 1911-ல் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். சத்யேந்திரநாத் போஸ் அவரது வகுப்புத் தோழர். ஆனால் விடுதியில், சாதியின் பெயரால் சக மாணவர்கள் அவருடன் அமர்ந்து உண்ண மறுத்தனர்.

1920-ல் வெளியான அவரது கட்டுரை வானியலின் போக்கை மாற்றியது. வாயு மிகவும் சூடேறினால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிகின்றன. எத்தனை அணுக்கள் இவ்வாறு அயனியாகும் என்பதை வெப்பநிலை மட்டுமன்றி அழுத்தமும் தீர்மானிக்கிறது என்று அவர் நிறுவினார். விண்மீன்களின் நிறமாலையிலிருந்து அவற்றின் வெப்பநிலையைக் கணிக்க இது வழிவகுத்தது.

அதைச் சோதிக்கும் கருவிகள் கொல்கத்தாவில் இல்லை. லண்டனுக்கும் பெர்லினுக்கும் சென்றார். சூரியப் புள்ளிகளின் நிறமாலையில் அக்கொள்கையைச் சரிபார்த்தவரோ அமெரிக்க வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸல். இந்தியாவிலேயே ஆய்வுக்கூடங்கள் எழ வேண்டும் என்பது சாகாவின் வாழ்நாள் முயற்சியாயிற்று. அலகாபாதில் 15 ஆண்டுகள் பணியாற்றிய பின் 1938-ல் கொல்கத்தா திரும்பினார். அவர் நிறுவிய அணுக்கரு இயற்பியல் நிலையத்தை 1950 ஜனவரி 11-ம் தேதி ஐரின் ஜோலியோ கியூரி திறந்து வைத்தார்.

அவரது அக்கறை ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. ஹவுரா மாவட்டத்தில் ஹூக்ளியுடன் கலக்கும் தாமோதர் நதியில் 1943-ல் பெருவெள்ளம் ஏற்பட்டது. அதையடுத்து அமைக்கப்பட்ட குழுவில் இடம்பெற்று, அணைகளால் நதியைக் கட்டுப்படுத்த வலியுறுத்தினார். 1948-ல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவானது. 1952-ல் மக்களவைக்குத் தேர்வானார்.

1955 ஆகஸ்டில் ஜெனீவா மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஹோமி பாபா, 20 ஆண்டுகளில் இணைவு ஆற்றலைக் கட்டுப்படுத்தும் வழி கிடைக்கும் எனக் கணித்தார். அடுத்த சில மாதங்களில் சாகா மறைந்தார். பாபாவின் கணிப்பும் அந்தக் கெடுவுக்குள் நிறைவேறவில்லை.

தடைகளில் ஒன்று அடர்த்தி. ஒரே வெப்பநிலையில் பிளாஸ்மாவின் அடர்த்தி இரு மடங்கானால் இணைவு வினைகள் நான்கு மடங்காகும். ஆனால், டோக்காமாக் எனப்படும் வளைய வடிவக் கருவியில் அடர்த்தி வரம்பு மீறினால், பிளாஸ்மாவின் விளிம்பு குளிர்ந்து, காந்தப்புலத்தின் பிடி குலைந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாம் கலைந்துவிடும். 1988-ல் மார்ட்டின் கிரீன்வால்ட் இந்த வரம்புக்கு ஒரு சூத்திரம் தந்தார். அதைவிட சுமார் 20 சதவீதம் கூடுதல் அடர்த்தியிலும் பிளாஸ்மாவை நிலையாக வைத்திருந்ததாக அமெரிக்காவின் சான்டியாகோ ஆய்வுக்கூடம் 2024-ல் அறிவித்தது.

சாகாவின் சமன்பாடு வெப்பச் சமநிலையில் உள்ள வாயுவுக்கானது. இந்தச் சிக்கலை அது மட்டும் தீர்த்துவிடாது. அதற்குக் கருவியும் சோதனையும் வேண்டும். அவர் மறைந்து 31 ஆண்டுகள் கழித்து, 1987-ல், ஜப்பானின் தோஷிபா நிறுவனம் தயாரித்த டோக்காமாக் கொல்கத்தாவில் இயங்கத் தொடங்கியது. பிளாஸ்மாவைச் சோதிக்க ஒரு கருவியின்றி ஒருகாலத்தில் கடல் கடந்தவரின் பெயரைத் தாங்கிய சாகா அணுக்கரு இயற்பியல் நிலையத்திலேயே அது நிறுவப்பட்டது.