முகங்களைத் தேடி நகர்ந்த கேமரா: நடனத்திலிருந்து திரைக்கு வந்த குரு தத்

மும்பை: ஆளில்லாத ஒரு படப்பிடிப்புத் தளம். மேலிருந்து சாய்வாக இறங்கும் ஒற்றை ஒளிக்கற்றை. அதன் இருபுறமும் விலகி நிற்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். இருவரும் பேசுவதில்லை, பின்னணியில் ஒரு பாடல் ஒலிக்கிறது. கேமரா மட்டும் ஒருவரது முகத்தை நோக்கி நகர்கிறது, பின்வாங்குகிறது, மற்றவரிடம் செல்கிறது.

1959-ஆம் ஆண்டு வெளியான 'காகஸ் கே பூல்' திரைப்படத்தின் இக்காட்சி, இந்திய சினிமாவில் கேமராவின் நகர்வு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் முதலில் நினைவுகூரப்படுவனவற்றுள் ஒன்று. ஆனால் வெளியான காலத்தில் அப்படத்தை மக்கள் ஏற்கவில்லை. வணிகரீதியில் அது பெருந்தோல்வி அடைந்தது. அதன் பிறகு குரு தத் தமது வாழ்நாளில் வேறெந்தப் படத்துக்கும் இயக்குநர் என்று தம் பெயரை இட்டுக்கொள்ளவில்லை. அப்போது அவருக்கு வயது 34.

குரு தத் 1925-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி பெங்களூரில் பிறந்தார். பெற்றோர் சிவசங்கர் ராவ் படுகோன், வாசந்தி. கொங்கணி பேசும் சரஸ்வத் குடும்பம். பிறப்பில் இட்ட பெயர் வசந்த் குமார். குழந்தைப் பருவத்தில் நேர்ந்த ஒரு விபத்துக்குப் பின்னர், நல்லது நடக்கட்டும் என்று குரு தத் எனப் பெயர் மாற்றினர். பின்னாளில் பலரும் அவரை வங்காளி என்றே எண்ணினர். அதற்குக் காரணம் உண்டு. குடும்பம் கொல்கத்தாவில் குடியேறியதால் அவர் வளர்ந்தது அங்கேதான். வங்காள மொழியைத் தாய்மொழி போலவே பேசினார். தெருக்களில் பாடிச் செல்லும் பாவுல் பாடகர்களும் ஜாத்ரா நாடகங்களும் அந்நகரம் அவருக்குத் தந்தவை.

வீட்டில் வசதி இல்லை. கல்லூரிக்குச் செல்லும் வாய்ப்பும் அமையவில்லை. மாலையில் பாட்டி விளக்கேற்றியதும், அதன் முன் விரல்களை மடக்கி நீட்டிச் சுவரில் நிழல் உருவங்களை ஆட வைப்பது சிறுவனின் வழக்கமாக இருந்தது என்று குடும்பத்தினர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். உறவினரான பி.பி. பெனகல் திரைப்பட விளம்பரத் தட்டிகளுக்கு ஓவியம் தீட்டிய கலைஞர். அவர் வரைந்த ஓர் ஓவியத்தைப் பார்த்து, அதிலிருந்தே ஒரு பாம்பு நடனத்தை உருவாக்கி ஆடிக்காட்டினார் குரு தத். நிலைத்த படம் ஒன்றை அசைவாக மாற்றும் முயற்சியை அவர் முதலில் தம் உடலைக் கொண்டே செய்தார் என்று இதனைச் சொல்லலாம்.

இமயமலை அடிவாரத்து அல்மோராவில் நடனக் கலைஞர் உதய் சங்கர் நடத்திவந்த கலை மையத்தில் 1940-களின் தொடக்கத்தில் அவர் சேர்ந்தார். மேடையில் ஆடுபவர் எங்கிருந்து எங்கு செல்கிறார், எப்போது நிற்கிறார், மற்றவரிடமிருந்து எத்தனை அடி விலகி நிற்கிறார் என்பவை அனைத்தும் நடனத்தில் பொருளுடையவை. இரண்டாம் உலகப் போர்க் காலத்து நெருக்கடியில் 1944-இல் அம்மையம் மூடப்பட்டது. உதய் சங்கர் பின்னர் தமது ஒரே முழுநீளத் திரைப்படமான 'கல்பனா'வைச் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்தார் என்பது தமிழ் வாசகர்கள் அறிந்திருக்கக்கூடிய செய்தி. மாணவரோ கொல்கத்தாவுக்குத் திரும்பி, ஒரு தொழிற்சாலையில் சில காலம் தொலைபேசி இயக்குநராகப் பணியாற்றினார். அந்த வேலையில் மனம் நிலைக்கவில்லை.

அதே ஆண்டு புனேயின் பிரபாத் பிலிம் கம்பெனியில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். நடனம் அமைத்தார், சிறு வேடங்களில் நடித்தார், உதவி இயக்குநராகவும் உழைத்தார். அங்கேதான் தேவ் ஆனந்துடன் நட்பு ஏற்பட்டது. சலவைக்காரர் சட்டைகளை மாற்றிக் கொடுத்ததில் தொடங்கிய அந்த நட்பு ஓர் உடன்பாடாக வளர்ந்தது. தேவ் ஆனந்த் தயாரிப்பாளரானால் குரு தத் இயக்குவார். குரு தத் இயக்குநரானால் தேவ் ஆனந்த் நடிப்பார். திரையுலகில் இத்தகைய வாக்குகள் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். இது நிறைவேறியது. மும்பையில் அமியா சக்கரவர்த்தி, ஞான் முகர்ஜி ஆகிய இயக்குநர்களிடம் குரு தத் உதவியாளராக இருந்த பின்னர், தேவ் ஆனந்தின் நவகேதன் நிறுவனம் 1951-இல் 'பாஸி' படத்தை அவரிடம் ஒப்படைத்தது.

அந்தப் படத்தின் படப்பிடிப்பில் அவருக்கு இரண்டு உறவுகள் கிடைத்தன. ஒன்று, பாடல் பதிவின்போது சந்தித்த பின்னணிப் பாடகி கீதா ராய். இருவரும் 1953-இல் திருமணம் செய்துகொண்டனர். மற்றொன்று, ஒளிப்பதிவாளர் வி. ரத்ராவின் உதவியாளராக இருந்த வி.கே. மூர்த்தி. மைசூரில் பிறந்தவர், பெங்களூரில் ஒளிப்பதிவு பயின்றவர், வயலின் வாசிக்கத் தெரிந்தவர். ஒரு பாடல் காட்சியில், நிலைக்கண்ணாடியில் தெரியும் பிம்பத்தையும் கேமராவின் நகர்வையும் இணைக்கும் கடினமான ஷாட் ஒன்றை மூர்த்தி யோசனையாகச் சொன்னார். அதை எடுக்கும் பொறுப்பும் அவரிடமே தரப்பட்டது. விளைவைக் கண்ட குரு தத், தம் அடுத்த படத்துக்கு அவரையே ஒளிப்பதிவாளராக்கினார். 1952-இல் வந்த 'ஜால்' தொடங்கிப் பத்தாண்டுகள் இந்தக் கூட்டணி நீடித்தது.

இவர்கள் செய்த புதுமையைப் புரிந்துகொள்ள, அக்காலத்துப் படப்பிடிப்பு முறையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். கேமராவோ கனமானது. அதை நகர்த்த வேண்டுமென்றால் தரையில் தண்டவாளம் பதித்து, ட்ராலியில் ஏற்றி, ஆட்கள் தள்ள வேண்டும். பாடல் காட்சிகள் பலவற்றில் கேமரா ஓரிடத்தில் நிற்க, நடிகர்கள் அதன் முன் ஆடிப்பாடிச் செல்வதே எளிய வழியாக இருந்தது. குரு தத் இதனோடு இன்னொரு சிக்கலையும் சேர்த்துக்கொண்டார். முகங்களை அண்மையில் காட்ட 75 மில்லிமீட்டர், 100 மில்லிமீட்டர் போன்ற நீண்ட குவிய நீள லென்ஸ்களை விரும்பினார். அத்தகைய லென்ஸில் முகம் துல்லியமாகத் தெரியும், பின்னணி மங்கிவிடும். ஆனால் குவியம் பிடிக்கும் எல்லை மிகக் குறுகியது. ட்ராலி சில அங்குலம் முன்னே சென்றாலும் உதவியாளர் உடனுக்குடன் குவியத்தைத் திருத்த வேண்டும். நடிகர் குறித்த இடத்தில் அடி பிசகாமல் நிற்க வேண்டும். கேமராவைத் தள்ளுபவர் உட்பட அனைவரும் ஒரே தாளத்தில் இயங்கினால்தான் ஷாட் தேறும். நடன ஒத்திகைக்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. இந்தி திரையுலகினர் அந்த அண்மைக் காட்சிகளைக் குரு தத் ஷாட் என்றே அழைக்கத் தொடங்கினர்.

1954-இல் 'ஆர் பார்', 1955-இல் 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55' என இலகுவான நகைச்சுவைப் படங்கள் வெற்றி பெற்றன. இவற்றில் பல பாடல்கள் முன்னிசை இல்லாமல், பேச்சின் தொடர்ச்சியாகவே தொடங்குகின்றன. கதை நின்று பாடலுக்கு வழிவிடுவது அவருக்குப் பிடிக்காத ஒன்று.

ஹைதராபாத் சென்றிருந்தபோது, 'ரோஜுலு மாராயி' என்ற தெலுங்குப் படத்தில் நடனமாடிப் புகழ்பெற்றிருந்த இளம் நடிகை ஒருவரைப் பற்றி அவர் அறிந்தார். செங்கல்பட்டில் பிறந்து, பரதநாட்டியம் பயின்ற வஹீதா ரஹ்மான் அவர். குரு தத் தயாரிப்பில் ராஜ் கோஸ்லா இயக்கிய 'சி.ஐ.டி.' வாயிலாக 1956-இல் இந்தித் திரைக்கு அவர் அறிமுகமானார்.

1957-இல் வந்தது 'பியாசா'. எவராலும் மதிக்கப்படாத கவிஞன் விஜய்யின் கதை. குரு தத்தே நாயகன். அவன் கவிதைகளைப் போற்றும் பாலியல் தொழிலாளி குலாபோவாக வஹீதா ரஹ்மான். மாடிப்படிக் காட்சி ஒன்று போதும், குரு தத்தின் கலையை விளக்க. கீழே தெருவில், கண்ணனுக்காக ஏங்கும் ராதையின் மனநிலையைப் பாடும் ஒரு பக்திப் பாடகியின் குரல். மொட்டைமாடியில் விஜய் தனியே நிற்கிறான். குலாபோ படியேறி அவன் பின்னே வருகிறாள். அவள் வந்ததை அவன் அறியவில்லை. அவள் நெருங்குகிறாள், தயங்குகிறாள், மீண்டும் நெருங்குகிறாள். கேமராவும் அவளோடு நெருங்கித் தயங்குகிறது. தொட்டுவிடும் தொலைவு வரை வந்தபின் அவள் திரும்பி ஓடிவிடுகிறாள். வசனம் இல்லை. தமது காதலைச் சொல்லத் தகுதியில்லை என்று ஒரு பெண் எண்ணுவதை அந்தச் சில அடித் தொலைவே சொல்லிவிடுகிறது. பாடும் குரல் கீதா தத்துடையது.

அதே படத்தில், இறந்துவிட்டதாக ஊரே நம்பிய கவிஞன், தன் நினைவுக் கூட்டத்துக்குத் தானே வந்து நிற்கும் காட்சி வருகிறது. அரங்கின் வாயிலில் கைகளை விரித்து நிற்கிறான். ஒளி அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதால் உருவம் நிழலாகவே தெரிகிறது. சிலுவையை நினைவூட்டும் அந்நிலையை நோக்கிக் கேமரா நகரும்போது, மேடையில் அவனைப் புகழ்ந்துகொண்டிருந்தவர்களின் போலித்தனத்தை விளக்க வேறு சொல் தேவைப்படவில்லை. 'பியாசா' பெருவெற்றி பெற்றது. 2005-இல் அமெரிக்காவின் டைம் இதழ் வெளியிட்ட, எக்காலத்துக்குமான 100 திரைப்படங்கள் பட்டியலில் அதுவும் இடம்பெற்றது.

அந்த வெற்றி தந்த துணிவில்தான் அவர் 'காகஸ் கே பூல்' எடுத்தார். இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் திரைப்படம் அது. காட்சியைப் பக்கவாட்டில் சுருக்கிப் படச்சுருளில் பதித்து, திரையிடும்போது மீண்டும் விரிக்கும் லென்ஸ் முறை இது. அகன்ற திரை என்றதும் பிறர் மனத்தில் தோன்றியவை போர்க்களங்களும் பெருங்கூட்டமும். குரு தத்தோ அதில் தனிமையைக் கண்டார். அகன்ற சட்டத்தின் நடுவே ஒருவரை நிறுத்தினால் இருபுறமும் வெறுமை பரவும். கேமரா நெருங்க நெருங்க அவ்வெறுமை குறையும். பின்வாங்கினால் அது மீண்டும் அவரைச் சூழும்.

புகழின் உச்சியிலிருந்து சரியும் திரைப்பட இயக்குநர் சுரேஷ் சின்ஹாவின் கதை அது. படப்பிடிப்பு நடப்பதை அறியாமல் கேமராவின் முன் வந்துவிடும் சாந்தி என்ற பெண், பதிவான காட்சியைத் திரையில் பார்க்கும் சின்ஹாவின் கண்ணில் நாயகியாகத் தெரிகிறாள். முதலில் குறிப்பிட்ட ஒளிக்கற்றைக் காட்சி இவ்விருவருக்கும் இடையே நிகழ்வதே. அந்த ஒளி மின்விளக்கிலிருந்து வந்ததன்று. தளத்துக்கு வெளியே ஒரு பெரிய கண்ணாடியை வைத்துச் சூரிய ஒளியைப் பிடித்து, உள்ளே உயரத்தில் வைத்த இன்னொரு கண்ணாடியில் விழச்செய்து, அங்கிருந்து தரைக்கு இறக்கினார் மூர்த்தி. சூரியன் நகர்ந்தால் கோணமும் மாறிவிடும் என்பதால், அது நேரத்தோடு போட்டியிட்ட வேலை. பாடலின் நடுவே இருவரின் உருவங்களும் உடலைவிட்டுப் பிரிந்து, ஒளியில் சந்தித்து ஒன்றாகின்றன. உடல்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. பாடியவர் இங்கும் கீதா தத்தே. கணவன் மனைவிக்கிடையே விரிசல் விழுந்திருந்த காலம் அது.

மக்கள் படத்தைப் புறக்கணித்தனர். பாட்டும் சிரிப்பும் தந்த இயக்குநரிடமிருந்து இத்தனை துயரத்தை அவர்கள் எதிர்பார்க்கவில்லை போலும். ஒளிப்பதிவுக்காக மூர்த்திக்கும் கலை இயக்கத்துக்காக எம்.ஆர். ஆச்ரேகருக்கும் பிலிம்பேர் விருதுகள் கிடைத்தன. இயக்குநருக்குக் கிடைத்தது நட்டமும் சோர்வும். சுரேஷ் சின்ஹா தம் பழைய ஸ்டுடியோவில், இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர்விடுவதாகப் படம் முடிகிறது.

நிறுவனத்தை மீட்டெடுத்தது எம். சாதிக் இயக்கத்தில் 1960-இல் வெளியான 'சௌத்வீன் கா சாந்த்'. 1962-இல் வந்த 'சாஹிப் பீபி அவுர் குலாம்' படத்துக்கு இயக்குநர், அவருடைய வசனகர்த்தா அப்ரார் ஆல்வி. பாடல் காட்சிகளை மட்டும் குரு தத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார். அதில் ஒரு நடனக் காட்சியில் முதன்மை நடனக் கலைஞர் மட்டும் ஒளியில் இருக்க, உடன் ஆடுவோரின் முகங்கள் முழுவதும் நிழலிலேயே இருக்கின்றன. சுவரில் விரல் நிழல் ஆடவிட்ட சிறுவனை அறிந்தோருக்கு இது வியப்பளித்திராது. அப்படம் 1963-ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டது. பெயரில்லாமல் பணியாற்றுவது அவருக்கு நிம்மதி அளித்ததா, அல்லது அது இன்னொரு வகைத் தண்டனையா என்பதை அவரே அறிவார்.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி காலை, மும்பை பெடர் சாலையிலிருந்த குடியிருப்பில் குரு தத் இறந்து கிடந்தார். வயது 39. மூன்று குழந்தைகள். தயாரிப்பிலிருந்த 'பஹாரேன் பிர் பி ஆயேங்கி' படத்தில் அவர் ஏற்றிருந்த வேடத்தைத் தர்மேந்திரா ஏற்று நடிக்க, 1966-இல் அது வெளியானது. கீதா தத் 1972-இல் தமது 41-ஆம் வயதில் மறைந்தார்.

'காகஸ் கே பூல்' மெல்ல மெல்லத்தான் மீண்டு வந்தது. 1980-களில் வெளிநாட்டு விழாக்களிலும் அரங்குகளிலும் அவரது படங்கள் திரையிடப்பட்டபோது, புதிய தலைமுறைப் பார்வையாளர்கள் அதைக் கண்டு வியந்தனர். ஒளிப்பதிவு பயிலும் மாணவர்களுக்கு இன்று அது பாடம். 2004-இல் அஞ்சல் துறை குரு தத் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

அவரோடு சேர்ந்து அந்த நகர்வுகளையெல்லாம் உருவாக்கிய வி.கே. மூர்த்திக்கு 2008-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் அவர். நண்பர் மறைந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2014 ஏப்ரல் மாதம், குரு தத் பிறந்த அதே பெங்களூரில் மூர்த்தியின் உயிர் பிரிந்தது.