முதற்பாடத்திற்குத் திரும்பிய வீரர்

ஜோ லூயிஸ் 1914ஆம் ஆண்டு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஓர் ஏழைக் கறுப்பின விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் அவர் ஏழாமவர். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது, குடும்பம் பிழைப்புத் தேடி டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது.

மகன் நல்ல வழியில் வளர வேண்டும் என்று எண்ணிய தாயார், அவரை வயலின் வகுப்புக்கு அனுப்பினார். ஆனால், லூயிஸின் மனம் குத்துச்சண்டையையே நாடியது. வயலின் வகுப்புக்காகத் தாயார் கொடுத்த பணம், குத்துச்சண்டைக் கூடத்தின் கட்டணமாக மாறியது.

1932இல் நடந்த முதல் போட்டியில் லூயிஸ் ஏழு முறை கீழே விழுந்து தோற்றார். மனமுடைந்த அவர் சில காலம் குத்துச்சண்டையை விட்டு விலகித் தொழிற்சாலையில் வேலை செய்தார். எனினும், ஆர்வம் அவரை மீண்டும் களத்திற்கு இழுத்து வந்தது. ஈராண்டுகளில் அவர் தொழில்முறை வீரரானார்.

அப்போது அவருக்குப் பயிற்றுநராக வந்தவர் ஜேக் பிளாக்பர்ன். முன்னாள் வீரரான அவர், லூயிஸின் கைகளில் வலிமை இருந்தும் கால்களில் சமநிலை இல்லை என்பதைக் கண்டார். எனவே, சிறு பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதுபோல் பாடத்தைக் கால்களிலிருந்தே தொடங்கினார்.

வலக்கைப் பழக்கமுள்ள வீரர் இடக்காலை முன்னும் வலக்காலைப் பின்னும் வைத்து, கால்களைத் தோள் அகலத்திற்கு விரித்து நிற்க வேண்டும். முன்னேறும்போது முன்கால் முதலில் நகர வேண்டும். பின்வாங்கும்போது பின்கால் முதலில் நகர வேண்டும். கால்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டால் உடல் தடுமாறிவிடும். வலக்கைக் குத்தின் வலிமை பின்காலில் பிறந்து, இடுப்பு, தோள் வழியாகக் கைக்கு வருகிறது. குத்திய கை உடனே முகவாய்க்கு அருகில் திரும்பி, முகத்தைக் காக்க வேண்டும். குத்துச்சண்டை கற்கும் எவருக்கும் இவையே முதற்பாடங்கள்.

இப்பயிற்சியால் லூயிஸ் தொடர் வெற்றிகளைக் குவித்தார். ஆயினும், இடக்கையால் குத்தியபின் அக்கையைத் தாழ்த்திவிடும் பழக்கம் அவரிடம் இருந்தது. ஜெர்மானிய வீரர் மாக்ஸ் ஷ்மெலிங் இக்குறையைக் கூர்ந்து கவனித்தார். 1936 ஜூன் மாதம் நியூயார்க்கில் இருவரும் மோதினர். லூயிஸின் இடக்கை தாழ்ந்தபோதெல்லாம் ஷ்மெலிங்கின் வலக்கை பாய்ந்தது. பன்னிரண்டாம் சுற்றில் லூயிஸ் வீழ்ந்தார். அவரைத் தங்கள் பெருமையாகக் கருதிய கறுப்பின மக்கள் கலங்கினர்.

லூயிஸ் மீண்டும் முதற்பாடத்திற்குத் திரும்பினார். பிளாக்பர்னின் மேற்பார்வையில், தாழும் இடக்கையைத் திருத்தினார். அடுத்த ஆண்டே அதிக எடைப் பிரிவில் உலக வெற்றியாளர் பட்டத்தை வென்றார். ஆனால், ஷ்மெலிங்கை வெல்லாதவரை அப்பட்டம் அவருக்கு முழு நிறைவைத் தரவில்லை.

1938 ஜூன் 22ஆம் நாள் இருவரும் மீண்டும் சந்தித்தனர். அப்போது ஜெர்மனியின் நாஜி ஆட்சி இன உயர்வு பேசிக்கொண்டிருந்தது. ஆகவே, உலகமே அப்போட்டியை உற்று நோக்கியது. சுமார் எழுபதாயிரம் பேர் திரண்டிருந்த அரங்கில், முதல் சுற்று முடியும் முன்னரே லூயிஸ் வெற்றி பெற்றார்.

1942இல் பிளாக்பர்ன் காலமானார். அவர் கற்றுக்கொடுத்த பாடங்களுடன் லூயிஸ் 1949வரை உலக வெற்றியாளராகத் திகழ்ந்தார். இருபத்தைந்து முறை தம் பட்டத்தைத் தற்காத்தார். எதிராளியாக இருந்த ஷ்மெலிங் பிற்காலத்தில் அவருடைய நண்பரானார். 1981இல் லூயிஸ் மறைந்தபோது, அவரின் இறுதிச் சடங்குச் செலவிலும் ஷ்மெலிங் பங்கேற்றார்.

புகழின் உச்சியை நெருங்கிய பிறகும், தொடக்க நிலை மாணவரைப்போல் தம் குறையைத் திருத்திக்கொள்ள லூயிஸ் தயங்கவில்லை. அவர் பெற்ற வெற்றிகளுக்கு அப்பணிவே அடித்தளமாக அமைந்தது.