இராமநாதரும் அரசாங்க வழக்கறிஞர் பதவியும்

பொருளீட்டுதற்குரிய தொழில்கள் உலகிற் பலவுள. அவற்றுள், குற்றஞ்சாட்டப்பட்டார்க்கு எதிரே அரசின் சார்பாக நின்று வாதிடுதலையே கடமையாகக் கொண்டது அரசாங்க வழக்கறிஞர் பதவியாம். நம் வீரபாண்டிப் பகுதியிலே பின்னலாடைத் தொழிலில் உழைத்துத் தம் மக்களைப் படிப்பித்த பெற்றோர் பலர். அம்மக்களுள் சட்டம் பயின்றார் சிலர் அப்பதவிக்கு விண்ணப்பிக்க விழைந்து, அரசினிடம் ஊதியம் பெற்றவன் பின்னர் அரசைக் கண்டித்துப் பேசவும் வல்லனோ என எம்மை வினவுகின்றனர். அவ்வையம் நீங்குமாறு, ஸர் பொன்னம்பலம் இராமநாதனார் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இராமநாதனார் 1851-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் கொழும்பிலே தோன்றினார். தந்தையார் பொன்னம்பல முதலியார். தாய்மாமனார் இங்கிலாந்திலே பாரிஸ்டர் பட்டம் பெற்ற ஸர் முத்துக்குமாரசுவாமி. நம்மவர் புகழோடு போற்றும் அருணாசலனார் இவர்க்கு இளவலாவர். கொழும்பிலும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்று, ஸர் ரிச்சர்டு மார்கன் என்பாரிடத்துச் சட்டம் பயின்று, நியாயவாதியாய்ச் சிறந்தார். நீதிமன்றத்துப் பழைய தீர்ப்புகளை இவர் தொகுத்து வெளியிட்டமை வழக்கறிஞர்க்குப் பெருந்துணையாயிற்று. 1879-இல் மாமனார் மறையவே, சட்டநிருபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக அவர்தம் இடத்தை ஏற்றார்.

பதின்மூன்று ஆண்டுகள் அவ்வவையில் மக்கள் பொருட்டுப் பேசியவர்க்கு, 1892-இல் மன்றாடியார் நாயகம் என்னும் பதவி வந்தெய்தியது. ஆங்கிலத்திலே சொலிசிட்டர் ஜெனரல் எனப்படுவது அதுவே. அரசின் தலைமை வழக்கறிஞர்க்கு அடுத்த நிலையில் நின்று, பெருங்குற்ற வழக்குகளை ஆராய்ந்து நடத்துதல் அதன் பணியாகும். சான்றுகள் போதியவாயின் வழக்குத் தொடுத்தலும், போதாவாயின் கைவிடுதலும் அத்துறையின் பொறுப்பே. ஆகலின் ஒருவன் தூக்குமரம் ஏறுவதும் ஏறாதொழிவதும் அங்குள்ளாரது நடுவுநிலைமையைப் பொறுத்தனவாம்.

இராமநாதனார் 14 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். தலைமை வழக்கறிஞராகப் பன்முறை தற்காலிகமாகப் பணியாற்றினார். எனினும் அத்தலைமைப் பதவி நிலையாக அவர்க்கு அளிக்கப்பெற்றிலது. 1903-இல் அரசர் வழக்கறிஞர் என்னும் சிறப்பு மட்டும் கிட்டியது. அவ்வாண்டுகளிலெல்லாம் மக்கள் பிரதிநிதியாக அவர் குரல் அவையில் ஒலித்திலது. அரசின் ஊதியத்திற்கு அவர் கொடுத்த விலை அதுவென்க. விண்ணப்பிக்கும் இளைஞர் இதனை முன்னரே அறிதல் நலம்.

1906-இல் ஓய்வுபெற்றார். 1911-இல் கற்றறிந்த இலங்கையர்க்கென ஏற்பட்ட தேர்தலிலே மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்று மீண்டும் அவை புகுந்தார். 1915-இல் சிங்களவர்க்கும் முஸ்லிம்கட்கும் கலகம் மூண்டது. அரசு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. விசாரணை பெயரளவே, தண்டனையோ கொடிது. ஹென்றி பெதிரிஸ் என்னும் இளைஞர் ஜூலை 7-ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். அதிகாரிகளுக்குக் காப்பளிக்கும் மசோதா அவைக்கு வந்தபோது, நேற்றுவரை அரசின் பொருட்டு வழக்காடியவரே எழுந்து அவ்வரசைக் குற்றவாளியாக நிறுத்தினார். எச்சான்று செல்லும், எது செல்லாது என்பதை 14 ஆண்டுகள் நிறுத்தறிந்தவராதலின், அவர்தம் உரையைப் புறந்தள்ளுதல் எளிதாயிற்றில்லை. போர்க்காலக் கடற்பயணத்தின் இடரையும் பொருட்படுத்தாது இலண்டன் சென்று முறையிட்டார். 1916-இல் நூலும் வெளியிட்டார். மீண்டு வந்தபோது சிங்கள மக்கள் அவரது வண்டியைத் தாமே இழுத்துச் சென்று மகிழ்ந்தனர்.

குறையும் கூறுதல் வரலாற்று நெறியாகும். அக்கலகத்திலே பொருளிழந்த முஸ்லிம்கள், தம் துயரை அவர் குறைத்துப் பேசினார் என வருந்தினர். இறுதிக்காலத்தில், அனைவர்க்கும் வாக்குரிமை வழங்குதலை அவர் எதிர்த்தார். அதனை யாம் ஏற்கமாட்டோம். ஆயினும் 1913-இல் மருதனார்மடத்திலே பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவியவரும் அவரே. 1921-இல் அவர் கண்ட பரமேசுவரக் கல்லூரியின் இடத்திலேயே இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974-இல் தொடங்கிற்று. 1930-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் அவர் மறைந்தார்.

இனி நம் இளைஞர்க்கு உரியது கூறுவாம். இராமநாதனார் காலத்திலே பதவி, ஆளவந்தாரின் கண்ணோட்டத்தால் வந்தது. இன்று தமிழ்நாட்டில் உதவி அரசு வழக்கறிஞர் பதவிக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகின்றது. குற்றவியல் நீதிமன்றங்களில் 5 ஆண்டுப் பயிற்சி வேண்டற்பாலது. மாவட்ட அரசு வழக்கறிஞர்க்கு 7 ஆண்டு வழக்கறிஞராயிருந்த தகுதி வேண்டும். அமர்வு நீதிபதியைக் கலந்து மாவட்ட ஆட்சியர் வகுக்கும் பட்டியலினின்று நியமனம் நிகழும். வழக்கினை மீட்டுக்கொள்ளுதற்கும் சட்டம் இடந்தருகின்றது. அதற்கு நீதிமன்றத்தின் இசைவு வேண்டும்.

ஆகவே, விண்ணப்பியுங்கள் என்பதே எம் விடை. தண்டனை பெற்றோர் தொகையை வெற்றியெனக் கணக்கிடுவார்க்கு இப்பதவி ஏற்றதன்று. சான்றில்லாதவிடத்து இல்லையென உரைக்கத் துணிவார்க்கே ஏற்றது. அத்துணிவைப் பதவியில் இருக்கும்போதே பழகியவன், பதவி நீங்கியபின் அரசின் எதிரே நின்றும் அதனை உரைப்பான்.