40 ஆண்டு தண்டனை 6 ஆண்டானது எப்படி? வ.உ.சி-க்கு மேல்முறையீடு கொடுத்ததும் கொடுக்காததும்

கப்பலோட்டிய தமிழன், செக்கிழுத்த செம்மல். வ.உ.சிதம்பரம் பிள்ளை என்றதும் இந்த இரண்டும்தான் நினைவுக்கு வரும். ஆனா, ஒரு மேல்முறையீடு மட்டும் நடக்காமல் போயிருந்தால் அவர் சிறையிலேயே முடிந்திருக்கக்கூடும். என்ன நடந்தது?

வக்கீல் கைதியானது ஏன்?

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சி. அப்பா உலகநாத பிள்ளை வக்கீல். மகனும் அதே தொழிலுக்கு வந்தார். தூத்துக்குடி - கொழும்பு கப்பல் வழி அப்போது வெள்ளைக்காரக் கம்பெனியின் கையில் இருந்தது. அதற்குப் போட்டியாக 1906-ல் சுதேசி கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்ச ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய். அடுத்த ஆண்டே காலியா, லாவோ என இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய, சுப்பிரமணிய சிவாவுடன் அவர்கள் பக்கம் நின்றார். மார்ச் 12-ல் கைது. மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் வெடித்தது. போலீஸ் சுட்டதில் 4 பேர் இறந்தார்கள்.

இரட்டை ஆயுள்

ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். ராஜ துரோகப் பேச்சுக்கு ஓர் ஆயுள், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள். அதுவும் நாடு கடத்தல். ஆயுள் என்றால் 20 ஆண்டு. ரெண்டும் சேர்ந்து 40 என்றே மக்கள் கணக்குப் போட்டார்கள். அப்போது வ.உ.சி-க்கு வயது 35. செய்தி கேட்டு அவரது தம்பி மீனாட்சிசுந்தரம் மனநிலை பாதிக்கப்பட்டார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. அன்றைய 124ஏ பிரிவில் வெறும் அபராதமும் போடலாம், 3 ஆண்டு வரை சிறையும் கொடுக்கலாம், ஆயுள் முழுக்க நாடும் கடத்தலாம். எதைக் கொடுப்பது என்பது நீதிபதியின் கையில். லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த மார்லிக்கே இந்தத் தண்டனை அதிகமாகப் பட்டது. வைஸ்ராய் மிண்டோவுக்கு அதை எழுதவும் செய்தார்.

மேல்முறையீட்டில் என்ன ஆச்சு?

மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன்னால் இரண்டு தனித்தனிக் கேள்விகள் உண்டு. குற்றம் நிரூபணம் ஆனதா? ஆகியிருந்தால், தண்டனை அதற்கு ஏற்ற அளவுதானா? முதல் கேள்வியில் வ.உ.சி-க்குத் தோல்வி. அவர் குற்றவாளிதான் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் மாற்றவில்லை. இரண்டாவது கேள்வியில்தான் வழி திறந்தது. மேல்முறையீட்டின் முடிவில் தண்டனை 6 ஆண்டாகச் சுருங்கியது. 10 ஆண்டு பெற்றிருந்த சிவாவுக்கும் குறைந்தது.

ஆனாலும் அந்தச் சிறைவாசம் லேசானது இல்லை. கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். அந்தச் செக்கை இன்றும் சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் பார்க்கலாம். பிறகு கண்ணூர் சிறைக்கு மாற்றப்பட்டு, 1912 டிசம்பர் 24-ல் விடுதலையானார். மொத்தம் சுமார் நாலரை ஆண்டு.

திரும்பி வராதவை

ஆண்டுகள் குறைந்தன, குற்றவாளி என்ற பெயர் போகவில்லை. அதனால் வக்கீல் சன்னதும் போச்சு. அவர் உள்ளே இருந்தபோதே, 1911-ல், கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. சென்னையில் சின்னச் சின்ன வியாபாரம் செய்து குடும்பத்தை ஓட்டினார். பல வருஷம் கழித்து வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால்தான் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.

1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் வ.உ.சி காலமானார். அந்த 40 ஆண்டுக் கணக்கு அப்படியே நின்றிருந்தால், தண்டனை முடியும் ஆண்டு 1948.